கனசாவாவில் மகளோடு ஒரு கிழமை

கனசாவாவுக்கு நான் ஊர் பார்க்கப் போகவில்லை. பிள்ளையைக் கூட்டிக்கொண்டு வரப் போனேன்.

இவர் அப்படித்தான் சொல்லி அனுப்பினார். இவர் என்றால் என் கணவர். ஃப்ரிபூர்க்கில் ஆஸ்பத்திரித் துணிகள் துவைக்கும் சலவைத் தொழிற்சாலை ஒன்றில் வேலை. எனக்கு அதே ஊரில் ஒரு முதியோர் இல்லத்தில் வேலை. இரண்டு பேருக்கும் சொந்த இடம் மன்னார். ஒரே பிள்ளை ஜெனிற்றா, வீட்டில் ஜெனி. ஒரு வருஷப் பயிற்சி என்று ஜப்பானுக்குப் போனவள், வருஷம் முடிந்ததும் கனசாவாவில் நெசவு இயந்திரம் செய்யும் கொம்பனி ஒன்றில் நிரந்தர வேலை எடுத்துவிட்டாள். அதை ஒரு நத்தார் நாளில், கிறிஸ்மஸுக்கு நாங்கள் கேக் வெட்டிக்கொண்டிருந்தபோது வீடியோவில் சொன்னாள். இவர் கத்தியைக் கீழே வைத்துவிட்டு எழும்பிப் போனார்.

அன்றிலிருந்து இவருக்கு அவளோடு பேச்சில்லை. வீடியோவில் அவள் முகம் வந்தால் இவர் பல்கனிக்குப் போய்விடுவார். ஆனால் எவ்வளவு குளிராக இருந்தாலும் பல்கனிக் கதவைச் சாத்தமாட்டார். உள்ளே நாங்கள் கதைப்பது ஒரு சொல் விடாமல் கேட்கும்.

சூரிச் விமான நிலையத்தில் பெட்டியை என் கையில் தந்தார். "கேட்டுப் பார். நீ கேட்டா வருவாள்," என்றார். கொஞ்ச நேரம் கழித்து, "நான் சொன்னது எண்டு சொல்லாதை," என்றார்.

சுவிஸில் இத்தனை வருஷம் வாழ்ந்தவளுக்கு ரெயின் நேரத்துக்கு வருவது ஒரு புதினமில்லை. ஜப்பானில் என்னைத் திகைக்க வைத்தது அமைதிதான். ரெயின் பெட்டி நிறையச் சனம், ஒருவரும் போனில் கதைக்கவில்லை. பக்கத்துச் சீட்டில் இருந்த மனிதர் சின்னப் பெட்டிச் சாப்பாடு ஒன்றைத் திறந்து, மீனையும் சோற்றையும் ஒரு சத்தமும் இல்லாமல் சாப்பிட்டு, பெட்டியைக் காகிதத்தில் சுற்றிப் பைக்குள் வைத்தார். நான் கொண்டுபோன ரோல்ஸைத் திறக்கவே கூச்சமாக இருந்தது. திறந்தால் மீன் மணம் முழுப் பெட்டிக்கும் போகும்.

கனசாவா ஸ்டேஷனின் வாசலில் மரத்தால் செய்த பெரிய வளைவு ஒன்று நிற்கிறது. இரண்டு மேளங்களை நிமிர்த்தி வைத்ததுபோல் தூண்கள். அதன் கீழே ஜெனி நின்றாள். தலைமயிரைக் கட்டையாக வெட்டியிருந்தாள். வீடியோவில் பார்க்கும்போதெல்லாம் பின்னால் இழுத்துக் கட்டியிருக்கிறாள் என்றுதான் நான் நினைத்திருந்தேன்.

கட்டிப்பிடித்தேன். அவளும் பிடித்தாள், ஆனால் கெதியாக விட்டுவிட்டாள்.

"இஞ்ச ஆக்கள் றோட்டில கட்டிப்பிடிக்கிறேல்லை அம்மா," என்றாள்.

"நான் இஞ்சத்தை ஆள் இல்லையே."

சிரித்தாள். வாயைக் கையால் மறைத்துக்கொண்டு சிரித்தாள். இந்தப் பழக்கம் எப்போது வந்தது என்று தெரியவில்லை.

அவளுடைய வீடு எங்கள் குசினியும் வரவேற்பறையும் சேர்ந்த அளவு இருக்கும். வாசலில் ஒரு படி. அதில் சப்பாத்தைக் கழற்றி வெளியே பார்த்தபடி திருப்பி வைக்கவேண்டும். மலசலகூடத்துக்கு வேறு செருப்பு. நான் அந்தச் செருப்போடு குசினிக்குள் வந்துவிட்டேன், அவள் ஓடிவந்து பிடித்தாள். இரவுச் சாப்பாட்டுக்குப் பருப்பும் முட்டைப் பொரியலும் செய்து வைத்திருந்தாள். ஜப்பான் அரிசிச் சோறு ஒன்றோடொன்று ஒட்டிப் பிடித்துக்கொண்டு நின்றது. பருப்பு உள்ளே இறங்க இடமில்லாமல் மேலேயே தேங்கியது. ஆனாலும் நல்ல ருசி. அவள் சமைத்து நான் சாப்பிட்டது அதுதான் முதல் தடவை.

"அம்மா, இந்தக் கிழமை வேலையில லீவு எடுக்க ஏலாமல் கிடக்கு," என்றாள். "ஆனா நீங்கள் சும்மா இருக்கவேண்டாம். ஒவ்வொரு நாளும் ஒண்டு பதிஞ்சு வைச்சிருக்கிறன். தேநீர்ச் சடங்கு, தங்கத்தாள் ஒட்டுறது, கிமோனோ உடுக்கிறது. வெளிநாட்டுக்காரர் இதுக்கெண்டே வருவினம்."

"நான் உன்னைப் பாக்கத்தானே வந்தனான்."

"பின்னேரம் பின்னேரம் வந்திடுவன் தானே," என்று சொல்லி, தன் அலுவலக அட்டை ஒன்றை என் கைப்பைக்குள் வைத்தாள். "துலைஞ்சு போனா இதைக் காட்டுங்கோ."

அடுத்த நாள் தேநீர்ச் சடங்கு. பழைய வீடு ஒன்றின் சின்ன அறை, பாய் விரித்த தரை, நடுவில் ஒரு கரி அடுப்பு. முழங்காலை மடித்துக் குதிக்காலில் இருக்கவேண்டும். என்னோடு பிரெஞ்சுப் பெண்கள் இரண்டு பேர், சகோதரிகள்போல. கிமோனோ உடுத்த ஒரு பெண் வந்து குனிந்து வணங்கி, கிண்ணத்தைத் துடைத்தாள். அதை ஒரு பூசைபோலச் செய்தாள். துணியை மடிப்பதற்கு ஒரு முறை, அகப்பையைத் தூக்குவதற்கு ஒரு முறை. முதலில் இனிப்பு, பிறகுதான் தேநீர். பச்சையாக, நுரையோடு, நல்ல கசப்பு. கிண்ணத்தை உள்ளங்கையில் வைத்து மெல்லத் திருப்பிவிட்டுக் குடிக்கவேண்டும்.

பாதியில் ஒரு பிரெஞ்சுக்காரி மற்றவளிடம் குசுகுசுத்தாள்: "என் கால் செத்துப்போச்சு. இந்தப் பெண்மணி மட்டும் எப்படி அசையாமல் இருக்கிறா?"

நான் பிரெஞ்சில், "நான் கத்தோலிக்கக்காரி மேடம், முழங்காலில் நின்றே வளர்ந்தவள்," என்றேன். இரண்டு பேரும் முகம் சிவந்து, பிறகு சிரிப்பை அடக்கமுடியாமல் தவித்தார்கள். தேநீர் ஊற்றிய பெண்ணுக்கு ஒன்றும் விளங்கவில்லை. ஆனாலும் குனிந்து வணங்கினாள்.

அந்த அறையில் என்னைப் பிடித்து வைத்தது வேறொன்று. இரண்டு பேர் நேருக்கு நேர் இருக்கிறார்கள், கதையே இல்லை. ஆனால் ஒருத்தி செய்வது எல்லாம் மற்றவளுக்காக. அதை எதிரில் இருப்பவள் பார்த்துக்கொண்டேயிருக்கிறாள். நான் ஜெனியின் எதிரில் அப்படி ஒரு மணித்தியாலம் இருந்து எத்தனை வருஷம் என்று யோசித்தேன். கால் மரத்தது அப்போதுதான்.

திரும்பும் வழியில் மீன் சந்தை. நான் மன்னார்க்காரி, மீன் சந்தையை மணத்திலேயே கண்டுபிடிப்பேன். இங்கே மணமே இல்லை. நண்டுகள் காலை மடித்து, ஐஸின் மேல் வரிசையாக, ஏதோ நகைக் கடையில்போல் இருந்தன. நான் ஒன்றைத் தூக்கி வயிற்றைத் திருப்பி அமர்த்திப் பார்த்தேன். கடைக்காரர் பதறிப்போனார். பிறகு நான் சரியான நண்டைத்தான் தூக்கியிருக்கிறேன் என்று கண்டு, பெருவிரலை உயர்த்திக் காட்டினார். ஃப்ரிபூர்க்கில் சனிக்கிழமைச் சந்தையில் இப்படிச் செய்தால் பொலிசைக் கூப்பிடுவார்கள்.

கொண்டுபோன மிளகாய்த்தூளைப் போட்டு நண்டுக் கறி வைத்தேன். ஜெனி வேலையால் வந்து கதவைத் திறந்ததும் அப்படியே வாசலில் நின்றாள். சப்பாத்தைத் திருப்பி வைக்க மறந்துபோனாள். கையால் சாப்பிட்டாள். உறைப்பில் மூக்கு ஓட, கண் ஓட, ஓட்டை உடைத்து உறிஞ்சி உறிஞ்சிச் சாப்பிட்டாள்.

"அப்பா என்ன செய்யிறார்?" என்று கேட்டாள். என்னைப் பார்க்காமல், நண்டுக் காலைப் பார்த்தபடி.

"இருக்கிறார். உன்னைப் பற்றித்தான்..." என்று நான் தொடங்கினேன்.

அவள் எழும்பிக் கோப்பைகளை அடுக்கினாள். தண்ணீரைத் திறந்துவிட்டாள். தண்ணீர்ச் சத்தத்துக்குள் என் வசனத்தின் மீதி போய்விட்டது.

மூன்றாம் நாள் தங்கத்தாள். கனசாவா அதற்குப் பேர்போன ஊர். மூச்சு விட்டால் பறந்துவிடும் அளவுக்குத் தங்கத்தைத் தட்டி மெல்லிதாக்குகிறார்கள். அதை மூங்கில் இடுக்கியால் எடுத்துச் சாப்பாட்டுக் குச்சியில் ஒட்டவேண்டும். நான் மூச்சைப் பிடித்துக்கொண்டுதான் ஒட்டினேன். கடைசியில் தும்மல் வந்துவிட்டது. என் தங்கம் போய்ப் பக்கத்து மேசைக்காரரின் சட்டையில் ஒட்டிக்கொண்டது. அவர் எழும்பி எனக்கு நன்றி சொன்னார். வெளியே ஒரு கடையில் ஐஸ்கிரீமின்மேல் முழுத் தங்கத்தாளைப் போர்த்தி விற்கிறார்கள், சனம் வரிசையில் நின்று வாங்கித் தின்கிறது. தங்கத்தைத் தாலியாகவும் சங்கிலியாகவும் மட்டும் அறிந்த எனக்குப் பார்க்கவே பதறியது. ருசி ஏதும் இல்லையாம். கேட்டுத் தெரிந்துகொண்டேன்.

அன்று பின்னேரமும் கதை அந்தத் தும்மலோடு முடிந்தது. நாங்கள் நன்றாகச் சிரித்தோம். படுக்கப் போகுமுன் நான் வாயைத் திறக்க, "நாளைக்குக் கிமோனோ அம்மா, கெதியா எழும்போணும்," என்றாள்.

கிமோனோக் கடை பழைய மரவீடுகள் உள்ள தெருவில். இரண்டு பக்கமும் கறுத்த மரச் சட்டம் போட்ட வீடுகள், நடுவில் கல் பதித்த வீதி, கூரைகளில் பழைய பனி. உடுத்திவிட்ட பெண் என்னைச் சுற்றிச் சுற்றி வந்தாள். முதலில் இடுப்பில் துவாய்களைச் சுற்றினாள். சேலைக்கு இடுப்பு வேண்டும், கிமோனோவுக்கு இடுப்பே கூடாது, உடம்பு ஒரு குழாய்போல் இருக்கவேண்டும். பிறகு கயிறு, அதன்மேல் கயிறு, கடைசியில் அகலப் பட்டி. இறுக்கி ஒரு தட்டுத் தட்டினாள். தன் போனில் ஏதோ சொல்லி அதை எனக்குக் காட்டினாள். போன் ஆங்கிலத்தில், "உங்கள் முதுகு நல்ல முதுகு" என்றது. கிழவர்களைத் தூக்கித் தூக்கிக் கிடைத்த முதுகு. நன்றி சொன்னேன்.

வீதியில் கிமோனோ உடுத்த இன்னொரு பெண், கழுத்தில் தாலிச் சங்கிலி.

"அக்கா, நீங்க தமிழா?"

"ஓம்."

"ஸ்ரீலங்காவா?"

"மன்னார். இப்ப சுவிஸ்."

"ஐயோ சுவிஸா! நாங்க கோயம்புத்தூர். இவருக்கு டோக்கியோல ஐ.டி. வேலை." புருஷன் எங்களை நிறுத்தி, திருப்பி, குடையைத் தந்து படம் எடுத்தார். என் போனிலும் எடுத்துத் தந்தார். பெரிய பூங்காவுக்கு எந்த பஸ் என்று அவரிடம்தான் கேட்டேன். "அதோ வருது பாருங்க ஆன்ட்டி, அதே நம்பர்தான். நேத்து நாங்க அதுலதான் போனோம்," என்றார்.

நம்பர் சரிதான். போகிற திசைதான் மற்றப் பக்கம்.

பட்டி முதுகில் முட்டியதால் சாய முடியவில்லை. ராணிபோல் நிமிர்ந்து இருந்தேன். படத்தை ஜெனிக்கு அனுப்பப் போனை எடுத்தால், குளிருக்கு அது செத்துக் கிடந்தது. வெளியே கடைகள் குறைந்தன. வீடுகளும் குறைந்தன. பூங்கா இவ்வளவு தூரமோ என்று நினைத்துக்கொண்டிருக்கும்போது ஒரு மணம் வந்தது. உப்புக் கடல் மணம். வழி தவறிவிட்டேன் என்று நான் பயப்படவேண்டும், ஆனால் அந்த மணத்துக்கு நிம்மதியாக இருந்தது. பஸ் ஒரு சின்னத் துறைமுகத்துக்குப் பக்கத்தில் நின்றது. எல்லாரும் இறங்கிவிட்டார்கள்.

சாரதி வெள்ளைக் கையுறை போட்டிருந்தார். எழும்பி வந்து, ஒரு கிமோனோக்காரி தனியே ஏன் இருக்கிறாள் என்று பார்த்தார். அலுவலக அட்டையைக் கொடுத்தேன். இரண்டு கையாலும் வாங்கி வாசித்து, என்னைக் கூட்டிக்கொண்டு ஒரு பழைய கடைக்குப் போனார். அந்த ஊர் சோயாச் சாறு செய்யும் ஊர், அது சோயாச் சாறு விற்கும் கடை. உள்ளே என் வயதுள்ள பெண் ஒருத்தி. சாரதி அவளிடம் அட்டையை ஒப்படைத்துவிட்டு, எனக்கு ஒரு வணக்கம், அவளுக்கு ஒரு வணக்கம் வைத்து, ஓடிப்போய் பஸ்ஸை எடுத்தார். நேரத்துக்குப் போகவேண்டுமே.

அந்தப் பெண் என்னை அடுப்புக்குப் பக்கத்தில் இருத்தினாள். சுடச்சுடத் தேநீர் தந்தாள். பிறகு என்ன நினைத்தாளோ, சோயாச் சாறு போட்ட ஐஸ்கிரீம் தந்தாள். அந்தக் குளிரிலும் நன்றாக இருந்தது. சீனிப்பாணி காய்ச்சி உப்புப் போட்டதுபோல். பிறகு போன் எடுத்தாள். "ஜெனிற்றா-சான்" என்ற சொல் மட்டும் விளங்கியது. போனுக்குள் என் பிள்ளையின் குரல், எனக்குத் தெரியாத பாஷையில், கெதி கெதியாக. போன் என் கைக்கு வந்தது.

"அம்மா! எங்க போனீங்கள்? விசரோ உங்களுக்கு? அங்கேயே இருங்கோ. அசையாதேங்கோ!"

அசைய முடியாத உடுப்புத்தான் போட்டிருந்தேன்.

கொம்பனியின் சின்ன வெள்ளை வான் ஒன்றை ஓட்டிக்கொண்டு ஜெனி வந்தாள். அவளுக்கு வாகனம் ஓட்டத் தெரியும் என்பதே எனக்குத் தெரியாது. கோட் போட மறந்து, வேலைச் சட்டையோடு ஓடிவந்தாள். வந்ததும் என்னிடம் வரவில்லை. முதலில் கடைக்காரப் பெண்ணிடம் போய்க் குனிந்தாள். திரும்பத் திரும்பக் குனிந்து ஏதோ சொன்னாள். என் அம்மா செய்த தொந்தரவுக்கு மன்னியுங்கள் என்றுதான் இருக்கவேண்டும்.

எனக்கு ஃப்ரிபூர்க் நகரசபைக் கந்தோர் ஞாபகம் வந்தது. அப்போது அவள் கவுண்டருக்கு மேலே தலை தெரியாத பிள்ளை. எங்களுக்குப் பிரெஞ்சு வராது. டொக்டரிடம், பள்ளிக்கூடத்தில், விசாக் கந்தோரில், எல்லா இடத்திலும் அவள்தான் எங்கள் வாய். குதிக்காலை உயர்த்தி நின்றுகொண்டு, "என் அம்மா சொல்கிறா..." என்று தொடங்குவாள்.

கடைக்காரப் பெண் என்னைக் காட்டி ஏதோ சொன்னாள். ஜெனி சிரித்தாள். வாயை மறைக்கவில்லை. தலையைப் பின்னால் எறிந்து, சத்தமாக, வயிறு குலுங்கச் சிரித்தாள். அந்தச் சிரிப்பை நான் அவள் பள்ளிக்கூடப் பிள்ளையாய் இருந்தபோது கேட்டது. பிறகு எங்கள் வீட்டில் கேட்கவில்லை. கேட்கவில்லை என்பதே எனக்கு அந்த இடத்தில்தான் தெரியவந்தது.

"என்னவாம்?"

"நீங்கள் பஸ்ஸால இறங்கேக்க, டோக்கியோவில இருந்து ஆரோ பெரிய இடத்து ஆள் வாறா எண்டு பயந்து போனாவாம்."

வானை அலைதடுப்புச் சுவர் ஓரம் நிறுத்தினாள். கடல் சாம்பல் நிறம். பெரிய அலை. பனியும் மழையும் கலந்து கண்ணாடியில் விழுந்தது. ஹீற்றரைக் கூட்டிவிட்டு என் கைகளைப் பிடித்துத் தேய்த்தாள். முதியோர் இல்லத்தில் நான் மற்றவர்களுக்குச் செய்வது.

"அப்பிடி என்ன பிள்ளை இருக்குது இஞ்ச?" என்று கேட்டேன். கோபமாகக் கேட்கவில்லை. உண்மையாகவே தெரியவேண்டியிருந்தது.

யோசித்தாள். "ஃப்ரிபூர்க்கில எங்கயிருந்து வாறாய் எண்டு கேப்பினம். ஃப்ரிபூர்க் எண்டா, இல்லை, உண்மையா எங்கயிருந்து எண்டு திருப்பிக் கேப்பினம். நான் பிறந்த ஊரில, அம்மா. இஞ்ச வந்து முதல்நாள் சுவிஸ் எண்டு சொன்னன். 'ஆ, சுவிஸ்!' எண்டு சொல்லிப்போட்டு வேலையைப் பாக்கப் போயிட்டினம். இஞ்ச வந்துதான் நான் சுவிஸ்காரி."

எனக்குச் சிரிப்பும் வந்தது, நெஞ்சுக்குள் ஏதோ உடைந்தும் போனது. இரண்டு பேரும் இரவு பகலாக வேலை செய்தது அவளுக்கு ஒரு ஊர் வேண்டுமென்றுதான். அந்த ஊர் அவளுக்குக் கிடைக்க இவ்வளவு தூரம் வரவேண்டியிருந்திருக்கிறது.

"வேலையும் நல்லம்," என்றாள். "நான் வரைபடம் கீறின துண்டு ஒண்டு இப்ப ஒரு மெஷினுக்குள்ள ஓடுது." பிறகு ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு கடலைப் பார்த்தாள். "அம்மா, லீவு இல்லை எண்டு சொன்னது பொய். நான் லீவு கேக்கவேயில்லை. கேட்டிருந்தாத் தந்திருப்பினம்."

"ஏன்?"

"முழு நாளும் உங்களோட இருந்தா நீங்கள் கேப்பீங்கள். அப்பா சொல்லித்தான் விட்டிருப்பார், எனக்குத் தெரியும். நீங்கள் கேட்டா..." வைப்பரைப் போட்டாள். "நீங்கள் கேட்டா நான் ஓம் எண்டு சொல்லிப்போடுவன்."

அலை வந்து சுவரில் அடித்தது. வானின் கண்ணாடிமேல் தண்ணீர் தெறித்தது.

வீட்டை வா, பிள்ளை. அவ்வளவுதான் சொல்லவேண்டியது. இவ்வளவு தூரம் வந்தது அதற்குத்தான். சொன்னால் வருவாள், இப்போது அவளே சொல்லிவிட்டாள். வந்தால் பின்னேரத்தில் படியில் அவள் சப்பாத்துச் சத்தம் கேட்கும். ஈரத் துவாயைக் கட்டிலில் போட்டுவிட்டுப் போவாள், நான் கத்துவேன். ஞாயிற்றுக்கிழமைப் பூசையில் பக்கத்தில் இருந்து கொட்டாவி விடுவாள். இவர் பல்கனியில் நிற்கத் தேவையில்லை. இதில் ஒவ்வொன்றையும் நான் எவ்வளவு நாளாக ஆசைப்பட்டுக்கொண்டு இருக்கிறேன் என்று கடவுளுக்குத்தான் தெரியும். வாய் திறந்தால் போதும்.

ஆனால் கடைக்குள் கேட்ட அந்தச் சிரிப்பு இன்னும் காதுக்குள் இருந்தது.

"பிள்ளை," என்றேன். அவள் திரும்பவில்லை. "இந்த உடுப்பைக் கெதியாக் கழட்டோணும். என்னால மூச்சு விட ஏலாமல் கிடக்கு."

அவள் ஸ்டியரிங்கை விட்டாள். பிறகு என் மடியில், அந்த வாடகைப் பட்டின்மேல் முகத்தை வைத்துக்கொண்டு அழுதாள். கட்டையாக வெட்டிய தலைமயிரைத் தடவிக்கொண்டிருந்தேன். நல்ல மென்மையாக இருந்தது. கிமோனோவைக் கடைக்குத் திருப்பிக் கொடுக்க வேண்டிய நேரம் போய்விட்டது.

அடுத்த நாள் அவள் லீவு எடுத்தாள். இரண்டு பேருமாகப் பூங்காவுக்குப் போனோம். பழைய பைன் மரங்கள் ஒவ்வொன்றுக்கும் நடுவில் ஒரு கம்பம் நட்டு, உச்சியிலிருந்து கயிறுகளை இறக்கி ஒவ்வொரு கிளையையும் கட்டியிருக்கிறார்கள். இந்தப் பக்கத்துப் பனி ஈரமானது, சரியான பாரம், கட்டாவிட்டால் கிளை முறிந்துவிடுமாம். தூரத்திலிருந்து பார்த்தால் குடைகளின் கம்பிகள்போல் இருந்தது. குளக்கரையில் ஒரு கல்விளக்கு, ஒரு கால் தண்ணீருக்குள், மற்றது கரையில். அதற்கு முன்னால் படம் எடுக்க வரிசை. ஜெனி குளிருக்குப் போட்ட என் முக்காட்டைச் சரிசெய்து, "இப்ப சிரியுங்கோ," என்றாள். பூங்காவுக்குள் ஒரு கொட்டகையில் சூடான சிவப்புப் பயற்றுக் கஞ்சி குடித்தோம். இனிப்பு. பயறையும் சீனியையும் கண்டதும் இரண்டு பேரும் ஒரே நேரத்தில், "தேங்காய்ப்பூ இருந்தா!" என்றோம்.

அவள் கதைத்துக்கொண்டே இருந்தாள். கூட வேலை செய்பவர்களைப் பற்றி, வீட்டுக்காரக் கிழவரைப் பற்றி, முதல் குளிர்காலத்தில் தனிய இருந்து அழுதது பற்றி. அதை எங்களுக்குச் சொல்லவில்லையே என்றேன். "சொன்னா அப்பா வந்து தூக்கிக்கொண்டு போயிருப்பார்," என்றாள். சிரித்தாள், ஆனால் கண் சிரிக்கவில்லை. அப்பா ஒரு தடவை தூக்கிக்கொண்டு போக வந்திருக்கலாம் என்று அவள் ஆசைப்பட்டிருக்கிறாள். நான் தாய், எனக்குத் தெரியும்.

அன்று இரவு இவருக்குப் போன் எடுத்தேன். அங்கே மதியச் சாப்பாட்டு நேரம். பின்னால் சலவை இயந்திரங்கள் இரைந்தன.

"கேட்டனியோ?"

"இல்லை."

"ஏன்?"

"கேட்டா வந்திடுவாள். அதாலதான் கேக்கேல்லை."

இயந்திரங்களின் இரைச்சல் மட்டும் கேட்டது. போனைக் கீழே வைத்துவிட்டுப் போய்விட்டார் என்று நினைத்தேன்.

"சாப்பிடுறாளோ?" என்றார்.

"மெலிஞ்சு போனாள். ஆனா நல்லா இருக்கிறாள்."

"சரி," என்றார். வைத்துவிட்டார்.

கிளம்பும் நாள் மேடையில் ஜெனி என்னைக் கட்டிப்பிடித்தாள். சனம் பார்த்தது. அவள் விடவில்லை. ரெயின் வந்து, நின்று, கதவு திறந்து, புறப்படும் மணி அடித்த பிறகுதான் விட்டாள். ஒரு நிமிஷமும் தாமதிக்காத ரெயினை அன்றைக்கு மட்டும் நான் மனதுக்குள் திட்டினேன். கண்ணாடிக்கு வெளியே அவள் கையசைக்கவில்லை. அந்த ஊர்க்காரரைப்போல் குனிந்தாள். நிமிர்ந்து பார்ப்பதற்குள் மேடை போய்விட்டது. பிறகு சுரங்கம், அதற்குப் பிறகு மலை. எங்கள் மலைகளைவிடச் சின்ன மலைகள். இருந்தும் அவளுடைய ஊரை உடனே மறைத்துவிட்டன.

சூரிச்சில் இவர் வெளிவாசலில் நின்றார். ஞாயிற்றுக்கிழமைக் கோட் போட்டிருந்தார், முகம் மழித்திருந்தார். என்னைக் கண்டு தலையசைத்தார். ஆனால் கண் எனக்குப் பின்னால் போனது. கதவு திறந்தது, ஒரு குடும்பம் வந்தது. மூடியது. திரும்பத் திறந்தது, ஒரு பெடியன் பனிச்சறுக்குக் கட்டையோடு வந்தான். அவள் வரவில்லை என்று போனில் சொல்லியிருக்கிறேன், இவருக்குத் தெரியும். இருந்தும் கதவு மூடி, திறந்து, மூடும்வரை பார்த்துக்கொண்டு நின்றார்.

"என்ன பாக்கிறீங்கள்?"

"ஒண்டுமில்லை. பெட்டி பாரமோ?" என்று வாங்கிக்கொண்டார்.

ரெயினில் எதிர் எதிராக இருந்தோம். நான் பஸ் மாறி ஏறிய கதையைச் சொன்னேன். கிமோனோப் படத்தைக் காட்டினேன். பிறகு பூங்காவில் ஜெனியை நான் எடுத்த படம். போனைக் கையில் வாங்கி, விரலால் பெரிதாக்கி அவள் முகத்தைப் பார்த்தார். தலைமயிரைப் பார்த்தார். படம் அணைந்துபோக, விரலால் தொட்டு எழுப்பித் திரும்பவும் பார்த்தார். பேர்ண் வந்து, போனது. வெளியே வயல்களில் பனி கரைந்து அங்கங்கே மண் தெரிந்தது.

ஃப்ரிபூர்க் வருவதற்குக் கொஞ்சம் முன்னால் போனைத் திருப்பித் தந்தார். முழங்காலைத் தடவிக்கொண்டு, ஜன்னலுக்கு வெளியே பார்த்தபடி கேட்டார்:

"அந்தப் பிளேன்ல கால் நீட்ட இடம் இருக்கோ?"

"நடுவில எழும்பி நடக்கலாம்," என்றேன்.